அறுபது பவுண்டுத் தெரு

சின்ன வயதில் ‘டிரேட்’ விளையாடியிருப்பீர்கள். பகடையை உருட்டி, காயை நகர்த்தி, பம்பாயை வாங்கி, டெல்லியை விற்று, கடைசியில் கடனாளியாகி அழுதுகொண்டே எழுந்து போயிருப்பீர்கள். நானும் போயிருக்கிறேன். பின்னாளில் பி.காம். படிக்கப்போகிறவன் என்பதற்கான அறிகுறி எதுவும் அப்போது என்னிடம் தென்படவில்லை.

அந்த ஆட்டத்துக்கு அப்பன் மோனோபொலி. அதன் பிரிட்டிஷ் பதிப்பில் ஊர்களுக்குப் பதில் லண்டன் தெருக்கள். ஆட்டம் ஆரம்பித்ததும் வருகிற முதல் தெரு ஓல்ட் கென்ட் ரோடு. விலை 60 பவுண்டு. கடைசியில் வருகிற மேஃபேர் 400 பவுண்டு. அதாவது, மேஃபேர் சீமான்களின் தெரு. ஓல்ட் கென்ட் ரோடு, போனால் போகிறது என்று வாங்கிப் போடுகிற தெரு. தேம்ஸ் நதிக்குத் தெற்கிலிருந்து அந்தப் பலகையில் இடம்பிடித்த தெருவும் இது ஒன்றுதான். அதுவும் அடிமாட்டு விலைக்கு.

இந்த அறுபது பவுண்டுத் தெருவில் ஒரு சுவர் இருக்கிறது. இந்த வாரம் அந்தச் சுவரைப் பற்றித்தான்.

1960களில் பெக்கம் பகுதி மக்களுக்காக உள்ளூர் நகரசபை ஒரு சிவிக் சென்டர் கட்டியது. அதன் வெளிச்சுவரில் அந்தத் தெருவின் கதையையே சித்திரமாகச் செய்து பதிக்க முடிவானது. வேலை நடந்தது 1964-65ல். ரோமானியப் படை நடந்து போகிறது. கேன்டர்பரிக்குப் போகிற யாத்ரீகர்கள் போகிறார்கள். 1415ல் அஜின்கோர்ட்டில் ஜெயித்துவிட்டு ஐந்தாம் ஹென்றி திரும்பி வருகிறார். 1450ல் ஜாக் கேட் என்கிற கலகக்காரன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு லண்டனை நோக்கி வருகிறான். 1660ல் நாடு கடந்து இருந்த இரண்டாம் சார்லஸ் முடிசூட வருகிறார். எல்லாரும் நடந்த தெரு இதுதான். கடைசியில் அறுபதுகளின் சாதாரண ஜனங்கள். உடம்பெல்லாம் முத்துப் பொத்தான் தைத்த கோட்டு மாட்டிக்கொண்டு தர்மத்துக்கு வசூல் செய்கிற ‘பியர்லி கிங்’ உட்பட. ராஜாவுக்கு எவ்வளவு இடமோ, பொத்தான் ராஜாவுக்கும் கிட்டத்தட்ட அதே மரியாதை.

பெயின்ட் அடித்த படம் இல்லை இது. மொத்தமும் களிமண். பிசைந்து, வெட்டி, வண்ணம் பூசி, சூளையில் சுட்டு, துண்டு துண்டாகச் சுவரில் பொருத்தியது. டைல்ஸ் என்றாலே நமக்கு பாத்ரூம்தான் ஞாபகம் வரும். அங்கே ஒரு காலத்தில் பள்ளிக்கூடம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், சர்ச், கடைத்தெரு என்று எங்கே பார்த்தாலும் டைல்ஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

லண்டன் தெருவின் ரெண்டாயிரம் வருஷக் கதையைச் சொன்ன அந்தக் கலைஞர், லண்டன்காரர் இல்லை. இங்கிலாந்துக்காரர்கூட இல்லை. போலந்துக்காரர். பெயர் ஆடம் கொசோவ்ஸ்கி.

அவர் எப்படி இந்தத் தெருவுக்கு வந்தார்?

1905ல் பிறந்தவர். க்ராகோவில் ஓவியம் படித்தவர். முப்பத்து நாலாவது வயதில், 1939 செப்டம்பரில் அவர் நாட்டின் தலையில் இடி விழுந்தது. 1ஆம் தேதி மேற்கிலிருந்து ஹிட்லர் நுழைந்தார். 17ஆம் தேதி கிழக்கிலிருந்து ஸ்டாலின் நுழைந்தார். ஜெர்மானியர்களுக்குப் பயந்து கிழக்குப் பக்கம் ஓடியவர்கள் நேராகப் போய் ரஷ்யர்கள் கையில் விழுந்தார்கள். கொசோவ்ஸ்கியும் விழுந்தார். சிறை. அப்புறம் வடக்கு ரஷ்யாவில், பெச்சோரா நதிப் பக்கம், குலாக் என்கிற கட்டாய உழைப்பு முகாம். எலும்பைத் துளைக்கிற குளிர். அரை வயிற்றுச் சோறு. பக்கத்தில் படுத்திருந்தவர் காலையில் எழுந்திருப்பாரா என்பது காலையில்தான் தெரியும்.

அங்கே, கிட்டத்தட்ட செத்துப்போன நிலையில், தனக்குள் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இந்த நரகத்திலிருந்து உயிரோடு வெளியே போனால் கடவுளுக்கு நன்றிக்கடன் செலுத்துவேன். அவ்வளவுதான். எப்படி, எதைக்கொண்டு என்றெல்லாம் யோசிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

1941 ஜூனில் ஹிட்லர் ரஷ்யா மீதே பாய்ந்தார். நேற்றைய எதிரி இன்றைக்குக் கூட்டாளி. ஜூலையில் ஸ்டாலினுக்கும் லண்டனிலிருந்த போலந்து அரசுக்கும் ஒப்பந்தம் ஆனது. முகாம்களிலிருந்த போலந்துக் கைதிகளுக்கு விடுதலை. எலும்பும் தோலுமாக வெளியே வந்தவர்கள் தெற்கே நகர்ந்து, ஈரான் வழியாக உலகம் முழுக்கச் சிதறினார்கள். (அதில் ஒரு பகுதி நம் நாட்டுக்கும் வந்தது. ஜாம்நகர் மகாராஜா பாலாசாடியில் போலந்துக் குழந்தைகளுக்காக ஒரு முகாமே அமைத்தார். கோலாப்பூர் பக்கத்தில் வலிவடேயில் இன்னொன்று.) கொசோவ்ஸ்கி 1943ல் லண்டன் வந்து சேர்ந்தார்.

தப்பித்தார் என்று பெருமூச்சு விடாதீர்கள். அவர் வந்து சேர்ந்த லண்டன், பாதி இடிபாடு.

போர் முடிந்த பிறகும் பிரிட்டனின் நிலைமை ஜெயித்த நாட்டின் நிலைமை மாதிரி இல்லை. ஜெயித்தவன் கையில் ரேஷன் கார்டு. 1954 வரைக்கும் ரேஷன். கஜானாவில் டாலர் இல்லை. கடன் கழுத்துக்கு மேல். ஒரு சின்ன உதாரணம் சொன்னால் புரியும். 1942ல் அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. உள்நாட்டில் விற்கிற கோப்பை, தட்டு எதிலும் பூ, கொடி, வண்ணம் எதுவும் கூடாது. வெறும் வெள்ளைதான். வண்ணம் தீட்டியதெல்லாம் கப்பலேறி வெளிநாடு போய் டாலர் சம்பாதிக்க வேண்டும். போர் முடிந்து ஏழு வருஷம் ஆகியும், 1952 வரை இந்தக் கட்டுப்பாடு இருந்தது. உலகத்துக்கே வண்ணப் பீங்கான் செய்து அனுப்பிய தேசம், பத்து வருஷம் மொட்டை வெள்ளைக் கோப்பையில் டீ குடித்தது!

வண்ணத்துக்கு அந்த ஜனங்கள் எப்படி ஏங்கிக் கிடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

1951ல் ‘பிரிட்டன் திருவிழா’ என்று அரசாங்கமே ஒன்றை நடத்தியது. குண்டு விழுந்து நாசமான கிழக்கு லண்டனின் பாப்லர் பகுதியில் லான்ஸ்பரி என்ற புதிய குடியிருப்பை உருவாக்கி, ‘இதோ பாருங்கள், இனிமேல் இப்படித்தான் வாழப்போகிறோம்’ என்று காட்சிக்கு வைத்தார்கள். அங்கே கட்டிய பள்ளிக்கூடத்தின் நுழைவு மண்டபச் சுவருக்கு பெகி ஆங்கஸ் என்ற பெண் கலைஞர் டைல்ஸ் வடிவமைத்தார். கூலித் தொழிலாளியின் குழந்தை பள்ளிக்குள் நுழையும்போது முதலில் கண்ணில் படுவது அழகான ஒரு சுவராக இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். செய்து கொடுத்தது பூல் என்ற கடற்கரை ஊரிலிருந்த கார்ட்டர் கம்பெனி.

1940 நவம்பர் 14ஆம் தேதி ஒரே ராத்திரியில் ஜெர்மன் விமானங்கள் தரைமட்டமாக்கிய ஊர் கவன்ட்ரி. அங்கே மறுபடி எழுப்பிய கடைவீதியில் 1958ல் கார்டன் கல்லன் டைல்ஸ் சித்திரம் வைத்தார். ஊரின் பழைய வரலாறும், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஊரும் அதே சுவரில். காய்கறி வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

சரி, எதற்காக டைல்ஸ்? வண்ணச் சுவர்தான் வேண்டுமென்றால் பெயின்ட் அடித்துவிட்டுப் போகலாமே?

லண்டன் காற்றில் அது நடக்காது. வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. 1952 டிசம்பரில் கரிப்புகையும் பனியும் சேர்ந்து ஊரையே மூடி, ஆயிரக்கணக்கானவர்களைச் சாகடித்த சம்பவத்தைப் படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஊரில் வெளிச்சுவரில் பெயின்ட் அடித்தால் நாலே வருஷத்தில் எல்லாம் கரி. சூளையில் சுட்ட டைல்ஸ் அப்படியல்ல. வண்ணம் மேலே ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, கண்ணாடியோடு கண்ணாடியாக உருகி இறுகியிருக்கிறது. கரி படிந்தால் மழை கழுவிவிடும். மிச்சத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். தவிர, சலவைக் கல் வாங்க வக்கில்லாத தேசத்தில் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. சூளைகள் இருந்தன. கை தேர்ந்த தொழிலாளிகள் இருந்தார்கள். வேலைதான் தேவைப்பட்டது.

நம் போலந்துக்காரருக்கும் அதே நிலைமைதான்.

கென்ட் மாகாணத்தில் அய்ல்ஸ்ஃபோர்ட் என்று ஓர் ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து கார்மேல் சபைத் துறவிகள் இருந்த இடம். எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் கலைத்தபோது, 1538ல் அவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். 1949ல்தான் சபை அந்த இடத்துக்குத் திரும்பி வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 411 வருஷம்! நாலு நூற்றாண்டு கழித்து வீடு திரும்பியவர்கள், இனி வீடு திரும்பவே முடியாத ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போர் முடிந்து போலந்து ரஷ்யாவின் பிடிக்குள் போய்விட்டது. குலாக்கிலிருந்து வந்தவர் அங்கே எங்கே திரும்பிப் போவது?

மடத்தின் தலைவர் ஃபாதர் மலாக்கி லிஞ்ச். முதலில் சில ஓவியங்கள் கேட்டார். பிறகு, தோட்டத்தில் ஜெபமாலைக் காட்சிகளைக் களிமண்ணில் செய்து வைக்க வேண்டும் என்றார். கொசோவ்ஸ்கி தயங்கினார். அடிப்படையில் அவர் ஓவியர். களிமண்ணில் அவ்வளவு பெரிய வேலை செய்த அனுபவம் கிடையாது. மாதா உங்களை இதற்காகத்தான் இங்கே அனுப்பியிருக்கிறாள் என்கிற அர்த்தத்தில் ஃபாதர் ஏதோ சொல்ல, மறுபேச்சு இல்லை. பெச்சோரா வேண்டுதல் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

1950ல் ஆரம்பித்த வேலை. இருபது வருஷத்துக்கும் மேல் நீண்டது. ஜெபமாலைப் பாதை, சின்னச் சின்ன ஆலயங்களின் சுவர்கள், பீடங்கள் என்று அந்த ஒரு மடத்துக்கு மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகள் செய்தார். அங்கே பிரதான வழிபாட்டு இடத்துக்குக் கூரை கிடையாது. ஜனங்கள் திறந்தவெளியில் உட்காருவார்கள், சுற்றிலும் ஆலயங்கள். மழையும் வெயிலும் தாங்குகிற களிமண்தான் அந்த இடத்துக்குச் சரி.

வேலை லேசுப்பட்டதல்ல. முதலில் முழு அளவுப் படம் வரைய வேண்டும். களிமண்ணைத் தட்டையாக உருட்டி, படத்தின் கோடுகளை ஒட்டியே துண்டு போட வேண்டும். முகம் ஒரு துண்டு, கை ஒரு துண்டு. குழந்தைகள் சேர்த்து விளையாடுகிற ஜிக்ஸா மாதிரி. ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் முன்கூட்டியே கணக்குப் பண்ணி வெட்டவில்லை என்றால் கழுத்துக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். பூசுகிற வண்ணம் பூசும்போது ஒரு நிறம், சூளையிலிருந்து வரும்போது வேறு நிறம். கதவைத் திறக்கும் வரைக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுப்பில் வைத்தது வெளியே வரும்போது எப்படியிருக்கும் என்று நம்பிக் காத்திருப்பது ஒரு மாதிரி பிரார்த்தனைதான்.

இப்படி சாமி காரியம் செய்துகொண்டிருந்தவரைத்தான் நகரசபை கூப்பிட்டு, அறுபது பவுண்டுத் தெருவின் கதையைச் செய்யச் சொன்னது. பொருத்தமான ஆள்தான். அய்ல்ஸ்ஃபோர்ட் இருப்பதும் அதே கென்ட் மாகாணத்தில். அவர் சுவரில் நடத்தியதெல்லாம் யாரை? யாத்ரீகர்கள், கலகக்காரர்கள், நாடு கடந்து போய்த் திரும்பி வருகிற ராஜா. நடையாய் நடந்தவருக்கு நடக்கிறவர்களைத் தெரியாதா?

இது வரைக்கும் சந்தோஷமான கதை. இனி கணக்குப் பிள்ளையின் கதை.

1960. லண்டன் ஃபாரிங்டன் தெருவில் ஃப்ளீட் பில்டிங் என்று பிரம்மாண்டமான டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் எழும்பிக்கொண்டிருந்தது. சுவருக்கு ஒன்பது சித்திரங்கள் வேண்டும் என்று அரசின் பொதுப்பணி அமைச்சகம் டோரதி ஆனன் என்ற கலைஞரைக் கேட்டது. ஒரு சித்திரத்துக்கு 300 பவுண்டு. மொத்தம் 2,700. லஃப்பரோவில் இருந்த ஹாதர்ன்வேர் தொழிற்சாலைக்கு அந்த அம்மாவே போய், ஈரம் காயாத டைல்ஸ் மேல் தன் கையாலேயே கோடு கீறினார். சித்திரத்துக்கு 40 டைல்ஸ்.

என்ன கீறினார்? சாமி இல்லை, ராஜா இல்லை. கேபிள்! தெருவிலிருந்து கட்டடத்துக்குள் நுழைகிற கேபிள், வயல்வெளிக்கு மேலே ஓடுகிற கம்பி, கடலில் மிதக்கிற கேபிள் மிதவை, சோதனைக் கருவியின் திரையில் நெளிகிற மின்கோடுகள். ஒரு குரல் இன்னொரு ஊருக்குப் போய்ச் சேருவது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று நடைபாதையில் போகிறவனுக்குச் சொல்கிற சுவர். டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அந்த அதிசயம் புரியும்.

பிறகு என்ன ஆனது? டெலிபோன் தொழில்நுட்பம் மாறியது. எக்ஸ்சேஞ்சுக்கு வேலை போனது. இடம் கைமாறியது. புதிய சொந்தக்காரர் இடித்துக் கட்ட நினைத்தார்.

இங்கேதான் நான் பி.காமில் படித்த பாடம் வருகிறது. ஓவியம் என்றால் தனிச் சொத்து. கழற்றலாம், விற்கலாம், இன்ஷ்யூர் பண்ணலாம். சுவரோடு பதித்த சித்திரம் கட்டடத்தின் ஒரு பகுதி. கட்டடத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம் கழிப்பார்கள். கூடவே சித்திரத்தின் மதிப்பும் கழிந்துகொண்டே வரும். ஒருநாள் கணக்குப் புத்தகத்தில் கட்டடம் பூஜ்யமாகும். அன்றைக்குச் சித்திரமும் பூஜ்யம். மண் புத்தம் புதுசாக மினுங்கிக்கொண்டிருக்கும். பேரேட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

யாரும் திருடிவிடக் கூடாது, யாரும் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விடக் கூடாது, தெருவில் போகிற எல்லாருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும் என்றுதான் சுவரோடு சேர்த்துப் பூசினார்கள். அதுவே அதற்கு எமனாகவும் ஆனது. பிரிட்டன் முழுக்கப் பள்ளிக்கூடங்களை இடித்தபோதும் கடைவீதிகளைப் புதுப்பித்தபோதும் எத்தனையோ சித்திரங்கள் குப்பை லாரியில் ஏறின. கவன்ட்ரி சித்திரம் இடம் மாறியபோது சில பகுதிகள் தொலைந்தன. ஆனன் செய்ததிலேயே மிகப் பெரியது பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் இருந்தது. ‘விரியும் பிரபஞ்சம்’ என்று பெயர். 1997ல் அழித்துவிட்டார்கள். காசைக் காப்பாற்றுகிற இடத்திலேயே பிரபஞ்சத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

ஃப்ளீட் பில்டிங் விஷயத்தில் ஜனங்கள் முழித்துக்கொண்டார்கள். குரல் எழுந்தது. 2011 நவம்பரில் அந்த ஒன்பது சித்திரங்களையும் அரசாங்கம் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. கவனியுங்கள், கட்டடத்தை அல்ல, சித்திரங்களை. அதனால் கட்டடத்தை இடிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் பத்திரமாகக் கழற்றியாக வேண்டும் என்று ஆனது. 2013ல் பார்பிகன் குடியிருப்பின் நடைபாதைச் சுவரில் வரிசையாக வைத்தார்கள். பார்பிகன் எழும்பிய இடமும் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரிந்து போன பகுதிதான். போரில் அழிந்த ஊருக்கு ஆறுதலாகச் செய்த சித்திரம், கடைசியில் போரில் அழிந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது.

ஓல்ட் கென்ட் ரோடு சுவர்?

சிவிக் சென்டரை நகரசபையால் நடத்த முடியவில்லை. கட்டடம் கைமாறி ஒரு சர்ச்சாக மாறியது. வேடிக்கையைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க சர்ச்சுகளுக்குச் சுவர் செய்து கொடுத்தவர், நகரசபைக்காக ஒரு சுவர் செய்தார். அதுவும் சர்ச்சுக்கே போய்ச் சேர்ந்தது. பிறகு அந்தப் பக்கம் நிலத்தின் விலை ஏறியது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று திட்டங்கள் வந்தன. மோனோபொலி ஆடியவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். தெருவை வாங்கினால் அடுத்து என்ன? வீடு. அப்புறம் ஹோட்டல்.

ஆனால் இந்த முறை சித்திரத்தை மறந்துவிட்டுத் திட்டம் போட யாராலும் முடியவில்லை. கட்டடம் போனாலும் சித்திரம் இருந்தாக வேண்டும் என்கிற பேச்சோடுதான் திட்டமே நடந்தது. ஃபாரிங்டன் தெரு கற்றுக் கொடுத்த பாடம்.

கொசோவ்ஸ்கி 1986ல் லண்டனில் காலமானார். அடக்கம் செய்தது அய்ல்ஸ்ஃபோர்ட்டில், அவர் கையால் சுட்ட மண்ணுக்கு நடுவே, மண்ணுக்குள். பெச்சோராவில் வைத்த வேண்டுதலை அவர் வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிட்டார்.

அவருக்கு நாம் பட்ட கடன்தான் பாக்கி. அது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.